சொந்த வயல் அரிசியில் காட்மியமா? தேரூர்ப் பக்கத்து டீச்சருக்கு ஒரு பதில்

வாசகர் கேள்வி: நான் ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர். கன்னியாகுமரி மாவட்டம் தேரூர் பக்கம் எங்களுக்கு ஒன்றரை ஏக்கர் வயல். கன்னிப்பூ, கும்பப்பூ என்ற இரண்டு போகமும் நெல்தான், வருஷம் முழுக்க வீட்டில் பொங்குவதும் அந்த அரிசிதான். சில வருஷமாக டவுண் பக்கமிருந்து வருகிற சாக்கடைத் தண்ணீர் எங்கள் கால்வாயில் கலக்கிறது. வயலில் எண்ணெய் சிந்தியதுபோல செம்படலம் மிதக்கிறது. அரிசியில் ஆர்சனிக், காட்மியம் என்ற நச்சுப் பொருள்கள் என்று மகன் துபாயிலிருந்து ஒரு வீடியோ அனுப்பியிருக்கிறான். சிவப்பரிசியில்தான் அதிகமாம், வயலைக் காயப்போட்டுக் காயப்போட்டுத் தண்ணீர் விட வேண்டுமாம், சோற்றுக்கு ஆறு மடங்கு தண்ணீர் வைத்து வடிக்க வேண்டுமாம். மாமியாருக்குச் சிறுநீரகச் சோதனையில் கிரியேட்டினின் 1.9 வந்திருக்கிறது. மகளின் பிள்ளைக்கு எட்டு மாசம், எங்கள் அரிசிப் பொடியில்தான் குறுக்குக் கஞ்சி காய்ச்சிக் கொடுக்கிறோம். எங்கள் அரிசியை நிறுத்திவிட்டுக் கடையில் வாங்கவா? கொழுந்தனார் நிலத்தை பிளாட்டுக்குக் கொடுத்துவிடலாம் என்கிறார்.

பதில்:

டீச்சர், வணக்கம். முதலில் நேரடியாகச் சொல்லிவிடுகிறேன். இன்றைக்கே அரிசியை நிறுத்த வேண்டாம், நிலத்தை விற்கிற பேச்சையும் இரண்டு பூவுக்குத் தள்ளி வையுங்கள். ஆனால் உங்கள் கால்வாயில் டவுண் சாக்கடை கலக்கிறது என்று எழுதியிருக்கிறீர்களே, அதை மட்டும் சும்மா விடமுடியாது, மண்ணையும் அரிசியையும் ஒருமுறை சோதித்தே ஆகவேண்டும். மகன் அனுப்பிய வீடியோவில் பொய் இருப்பதாகத் தெரியவில்லை. அதில் சொன்ன வைத்தியம் மேற்கு வங்காளத்து வயலுக்கானது, அதை அப்படியே தேரூரில் செய்தால் நன்மைக்குப் பதில் கெடுதல் வர வாய்ப்பு இருக்கிறது. நான் மண்ணியல்காரன், அதனால் கொஞ்சம் மண்ணிலிருந்தே ஆரம்பிக்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அந்த செம்படலத்தை முதலில் முடித்துவிடுவோம், ஏனென்றால் கடிதம் எழுத உங்களைத் தூண்டியதே அதுதான் என்று நினைக்கிறேன். நாளைக் காலையில் வயலுக்குப் போகும்போது ஒரு குச்சியை எடுத்து அந்தப் படலத்தைக் கீறிப் பாருங்கள். கண்ணாடிச் சில்லுபோல துண்டு துண்டாக உடைந்து அப்படியே தனித்தனியாக நின்றால் அது இரும்பு, குச்சி போன தடத்தை மூடிக்கொண்டு மறுபடி ஒன்றாகச் சேர்ந்தால் அது எண்ணெய். நம் மாவட்டத்துச் செம்மண்ணிலும் செம்புரை மண்ணிலும் இரும்பு ஏராளம், தண்ணீர் கட்டி நிற்கும்போது அது கரைந்து மேலே வந்து காற்றுப் பட்டதும் துருவாகப் படியும், கூடவே இரும்பைத் தின்று வாழும் பாக்டீரியாவும் சேர்ந்து அந்த மினுமினுப்பைக் கொடுக்கும். ஒரு நாற்றைப் பிடுங்கி வேரைக் கழுவிப் பாருங்கள், காவி பூசியதுபோல இருக்கும். அதுவும் இரும்புதான். வேரிலுள்ள அந்தக் காவிப் பூச்சு ஓரளவு ஆர்சனிக்கைப் பிடித்து நிறுத்தியும் வைக்கும். இரும்பு மிதமிஞ்சினால் இலை நுனியிலிருந்து பழுப்பேறி மகசூல் குறையும், அது பயிருக்கு வருகிற கேடு, உங்கள் சிறுநீரகத்துக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. பயப்பட வேண்டிய உலோகங்களுக்கு நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது. படலம் இல்லாத தெளிந்த தண்ணீரிலும் அவை வரலாம்.

சரி, ஆர்சனிக். மண்ணில் அது பெரும்பாலும் இரும்புத் துருவோடு ஒட்டிக்கொண்டு கிடக்கும். வயலில் தண்ணீர் கட்டினால் மண்ணுக்குள் காற்று தீரும், துரு கரையும், ஒட்டியிருந்த ஆர்சனிக் விடுபட்டுத் தண்ணீரில் கலக்கும். நெற்பயிர் மண்ணிலிருந்து சிலிக்காவை நிறைய உறிஞ்சுகிற பயிர், வைக்கோல் கையைக் கீறுவதே அதனால்தான். சிலிக்கா நுழைவதற்கென்று வேரில் இருக்கிற அதே வழியாக ஆர்சனிக்கும் உள்ளே ஏறிவிடுகிறது. கோதுமையை விட நெல்லில் இது அதிகமாக இருப்பதற்குக் காரணம் தண்ணீரில் நிற்பதும் இந்த வழியும்தான். ஆகவே எந்த ஊர் அரிசியிலும் கொஞ்சம் ஆர்சனிக் இருக்கும். அது கொடுமையாகப் போனது கங்கை, பிரம்மபுத்திரா சமவெளியில். மேற்கு வங்காளம், பிகார், வங்கதேசம் முழுக்க ஆழம் குறைந்த குழாய்க்கிணறுகளைப் போட்டு, ஆர்சனிக் ஊறிய நிலத்தடி நீரை வயலுக்கும் இறைத்து, அதையே குடித்து, அதிலேயே சோறும் பொங்கினார்கள். கையிலும் காலிலும் தோல் தடித்துப் புள்ளி விழுந்து, பிறகு தோல், நுரையீரல், சிறுநீர்ப்பைப் புற்றுநோய் வரை போனது. வயலைக் காயவிட்டுப் பாய்ச்சச் சொல்வதும் சோற்றை நிறையத் தண்ணீரில் வடிக்கச் சொல்வதும் அந்த ஊருக்கு மிகச் சரியான ஆலோசனை. உங்கள் வயலுக்கு வருவது பேச்சிப்பாறை, பெருஞ்சாணி அணைத் தண்ணீரும் குளத்துத் தண்ணீரும். மலையில் பெய்த மழைத் தண்ணீர். வங்காளத்து வழியில் ஆர்சனிக் வர இங்கே வழியில்லை.

உங்கள் விஷயத்தில் நான் தேடச் சொல்வது காட்மியத்தை. பேர் புதிதாக இருக்கலாம், ஆள் பழையவன்தான். ஒரு காலத்தில் நகைக்கடையில் கேடிஎம் நகை இருக்கிறதா என்று கேட்டு வாங்கினோமே, அந்த கேடிஎம் காட்மியத்தைத்தான் குறிக்கும், தங்கத்தைப் பற்றவைக்கப் பயன்பட்டது, புகை பொற்கொல்லர்களின் நுரையீரலைத் தின்றதால் கைவிடப்பட்டது. பழைய ரீசார்ஜ் பேட்டரி, உலோக முலாம், சில மஞ்சள் சிவப்புச் சாயங்கள், பிளாஸ்டிக் எல்லாவற்றிலும் அது இருந்தது, இருக்கிறது. குப்பையை எரித்தால் சாம்பலில் தங்கும், மழையில் ஓடைக்கு வரும். டவுண் சாக்கடை என்றால் மலஜலம் மட்டும் என்று நினைக்கக்கூடாது, ஒர்க்‌ஷாப், பேட்டரிக் கடை, பட்டறை, எல்லாம் அதில்தான் கழுவி விடுகிறார்கள். இதோடு பாஸ்பேட் உரத்திலும் காட்மியம் கொஞ்சம் உண்டு, பாறையிலிருந்து வெட்டுகிற சரக்கு ஆச்சே. ஒரு போகத்துக்குப் போடுகிற சூப்பர் பாஸ்பேட்டில் அது அற்பம்தான், ஆனால் போனது வெளியே வராது, மேல் ஒரு சாண் மண்ணிலேயே தங்கிக்கொள்ளும்.

இனிமேல்தான் முக்கியமான இடம். காட்மியம் நடந்துகொள்வது ஆர்சனிக்குக்கு நேர் எதிர். தண்ணீர் கட்டி நிற்கும்போது அது கந்தகத்தோடு சேர்ந்து கரையாத பொருளாக அடங்கிக் கிடக்கும், வயலைக் காயவிட்டதும் கரைந்து வேருக்கு வரும். புளிப்பு மண்ணில் இன்னும் சுலபமாகக் கரையும். நம் மாவட்டத்து மண்ணில் பெரும்பகுதி புளிப்பு, அதாவது அமிலத்தன்மை உள்ளது, மழை அதிகம் என்பதால் சுண்ணாம்புச் சத்து கழுவிப் போய்விடுகிறது. இப்போது யோசித்துப் பாருங்கள். புளிப்பு மண், சாக்கடை கலந்த கால்வாய், அதோடு வீடியோவைப் பார்த்துவிட்டுக் கதிர் வருகிற நேரத்தில் காய்ச்சலும் பாய்ச்சலும் என்று வயலை வெடிக்க விட்டால், மண்ணில் இருக்கிற காட்மியத்தை நாமே கையைப் பிடித்துக் கதிருக்குள் ஏற்றிவிட்டதாக ஆகும். காய்ச்சலும் பாய்ச்சலும் நல்ல முறை, தண்ணீர் மிச்சமாகும், மீத்தேன் குறையும், சுத்தமான மண்ணில் தாராளமாகச் செய்யலாம். சோதிக்காத சாக்கடை மண்ணில் வேண்டாம்.

அணைத் தண்ணீர் கணக்கும் இதில் வருகிறது. ஜூன் 1ல் திறந்து பிப்ரவரி கடைசியில் அடைப்பதுதானே இங்கே வழக்கம். கும்பப்பூவைப் பிந்தி நட்டவர்களுக்கும் கடைவரம்பு வயல்களுக்கும் பால் பிடிக்கிற நேரத்தில் தண்ணீர் தட்டுப்படும். மணியில் காட்மியம் ஏறுவதும் பெரும்பாலும் கதிர் வெளிவரும் சமயத்திலும் அதற்குப் பிறகும்தான். ஜப்பானில் காட்மியம் உள்ள வயல்களில் கதிர் வருவதற்கு முன் மூன்று வாரமும் பின் மூன்று வாரமும் தண்ணீர் வற்றாமல் பார்த்துக்கொள்கிறார்கள், செலவில்லாத வைத்தியம் அது. ஆகவே கும்பப்பூவை முடிந்த அளவு முந்தி நடுங்கள், வயசு குறைந்த ரகம் வையுங்கள். சோதனைக்குக் கன்னிப்பூ அரிசி, கும்பப்பூ அரிசி இரண்டையும் தனித்தனியாகக் கொடுக்கச் சொல்லப் போவதும் இதனால்தான்.

ஜப்பான் என்றதும் அந்தக் கதையையும் சொல்லிவிட வேண்டும். டொயாமா மாகாணத்தில் ஜின்சு என்றொரு ஆறு, மேலே கமியோகா சுரங்கம், துத்தநாகமும் ஈயமும் எடுத்துவிட்டுக் கழிவை ஆற்றில் விட்டார்கள், கீழே அந்த ஆற்றுத் தண்ணீரில் நெல் விளைந்தது. பல வருஷம் கழித்து அங்கே நடுவயது தாண்டிய பெண்களுக்கு, அதுவும் நாலைந்து பெற்றவர்களுக்கு, இடுப்பும் காலும் தாங்கமுடியாத வலி. தும்மினால் எலும்பு முறிகிற அளவுக்கு எலும்பு உளுத்துப் போயிருந்தது. முதலில் சிறுநீரகத்தின் நுண்குழாய்கள் கெட்டுப் புரதமும் சுண்ணாம்புச் சத்தும் சிறுநீரில் ஒழுகி, பிறகு எலும்பு. 1968ல் ஜப்பான் அரசு இதைத் தொழிற்சாலைக் கழிவால் வந்த நோய் என்று ஒப்புக்கொண்டது. அவர்கள் எல்லாம் தங்கள் வயல் அரிசியையே தலைமுறையாகச் சாப்பிட்டவர்கள். உங்கள் கடிதத்தில் ‘வருஷம் முழுக்க அந்த அரிசிதான்’ என்ற வரியைப் பார்த்ததும் எனக்குக் கொஞ்சம் உறுத்தியது அதனால்தான். கடை அரிசி நூறு வயலில் இருந்து வந்து கலந்தது, ஒன்றில் கூடுதல் இருந்தாலும் மற்றதில் அடிபட்டுப் போகும். சொந்த வயல் என்றால் நல்லதானாலும் கெட்டதானாலும் தினமும் அதே அளவு. உங்கள் கால்வாய் ஜின்சு ஆறு கிடையாது, அங்கே ஒரு சுரங்கமே ஆற்றில் இறங்கியது, அந்த அளவுக்கு இங்கே எதுவும் இல்லை. ஆனால் காட்மியம் சிறுநீரகத்தில் பத்து முதல் முப்பது வருஷம் வரை தங்கும் சரக்கு, கொஞ்சமாக வந்தாலும் சேரும்.

எவ்வளவு வந்தால் அதிகம்? நீங்கள் கணக்கு டீச்சர், நீங்களே போட்டுப் பாருங்கள். உலக சுகாதார நிறுவனமும் உணவு வேளாண்மை அமைப்பும் சேர்ந்த நிபுணர் குழு 2010ல் சொன்ன அளவு, உடல் எடையில் ஒரு கிலோவுக்கு மாசம் 25 மைக்ரோகிராம். அறுபது கிலோ ஆளுக்கு மாசம் 1500, ஒரு நாளைக்கு 50. சர்வதேச உணவுத் தரத்தில் அரிசிக்கு அனுமதித்த காட்மியம் கிலோவுக்கு 0.4 மில்லிகிராம். மூன்று வேளையும் சோறு, ஆப்பம், புட்டு என்று நாம் ஒரு நாளைக்கு 350 கிராம் அரிசி சாப்பிட்டால் 140 மைக்ரோகிராம் ஆகிவிட்டது, அளவில் கிட்டத்தட்ட மூன்று மடங்கு. அப்படியென்றால் ‘தரத்துக்கு உட்பட்டது’ என்று லேப் எழுதிக் கொடுத்தாலும் நம்மைப்போல அரிசி தின்னிகளுக்கு அது பாதுகாப்பு ஆகாது. ஐரோப்பாவில் 0.15 என்று வைத்திருக்கிறார்கள், சீனாவில் 0.2. உங்கள் அரிசி 0.1க்குக் கீழே வந்தால் 35 மைக்ரோகிராம்தான், நிம்மதியாகச் சாப்பிடுங்கள். மீன், கீரை, கிழங்கிலிருந்து வருவதும் இந்த 50க்குள்ளேதான் அடங்க வேண்டும் என்பதால் அதற்கு மேல் எனக்கு சம்மதமில்லை. கணவாய் வாங்கினால் உள்ளே இருக்கிற குடல் பகுதியைச் சுத்தமாக எடுத்துவிடச் சொல்லுங்கள், காட்மியம் அங்கேதான் குவிந்திருக்கும், சதையில் குறைவு.

மாமியார் விஷயம். நான் மருத்துவன் இல்லை, ஆனாலும் ஒன்று சொல்வேன், கிரியேட்டினின் 1.9ஐ வயலின் தலையில் கட்டாதீர்கள். சர்க்கரையும் ரத்தக் கொதிப்பும்தான் நம் ஊரில் சிறுநீரகம் கெடுவதற்கு முதல் காரணம், அவருக்கு இரண்டும் இருக்கிறதா என்று நீங்கள் எழுதவே இல்லை. மூட்டு வலிக்கு வருஷக்கணக்கில் வலி மாத்திரை போட்டிருந்தால் அதுவும் காரணமாகலாம். அப்புறம் நம் மாவட்டத்தில் கேட்டே ஆகவேண்டிய கேள்வி: லேபிள் இல்லாத பொட்டலத்தில் பஸ்பம், செந்தூரம் ஏதாவது சாப்பிடுகிறாரா? சித்த மருத்துவத்தைக் குறை சொல்லவில்லை, முறையாக முடிக்காத உலோக மருந்தில் ஈயமும் பாதரசமும் அரிசியில் வருவதைவிடப் பல மடங்கு இருக்கலாம். வெற்றிலையோடு புகையிலை போடுவாரா? புகையிலைச் செடி மண்ணிலிருந்து காட்மியத்தை உறிஞ்சுவதில் கெட்டிக்காரச் செடி. இந்தப் பட்டியலை எல்லாம் சிறுநீரக மருத்துவரிடம் ஒளிக்காமல் சொல்லுங்கள். அரிசிச் சோதனையில் காட்மியம் கூடுதலாக வந்தால் மட்டும் அந்தத் தாளையும் காட்டி, சிறுநீரில் காட்மியமும் பீட்டா-2 மைக்ரோகுளோபுலின் என்ற சின்னப் புரதமும் பார்க்கலாமா என்று கேளுங்கள், காட்மியத்தின் சேதம் முதலில் அதில்தான் தெரியும், கிரியேட்டினின் பிந்தித்தான் ஏறும். இன்னொன்று, சிறுநீரக நோயாளிக்குத் தவிடு நீக்காத சிவப்பரிசியில் பாஸ்பரஸும் பொட்டாசியமும் கூடுதல், அவருக்கு எந்த அரிசி என்பதை மருத்துவர் சொல்லட்டும்.

பேரனுக்கு வருவோம். எட்டு கிலோ இருப்பான் என்று வையுங்கள், இரண்டு மூன்று தடவை குறுக்குக்கு 45 கிராம் அரிசிப் பொடி என்றால், எடைக்கு எடை பார்க்கும்போது நீங்கள் சாப்பிடுகிற அதே அளவு அரிசி அவன் உடம்புக்கும் போகிறது. அவனுக்கு மூளை வளர்கிற வயசு, வாழ்நாள் முழுக்கச் சேரவும் காலம் இருக்கிறது. குழந்தைகளின் அரிசி உணவுக்கென்று அமெரிக்காவும் ஐரோப்பாவும் கனிம ஆர்சனிக்கை, அதாவது ஆர்சனிக்கில் நஞ்சு கூடுதலான வகையை, கிலோவுக்கு 0.1 மில்லிகிராம் என்று கட்டுப்படுத்தியது இந்தக் கணக்கினால்தான். நிறுத்த வேண்டாம், ஒரு வேளையாகக் குறையுங்கள். மற்ற வேளைக்கு ஏத்தங்காய் (நேந்திரன் வாழைக்காய்) பொடிக் குறுக்கு, கேழ்வரகுப் பால், பழுத்த மட்டி வாழைப்பழம், வேகவைத்து மசித்த பருப்பு. நம் ஊரில் பிள்ளைகளுக்குக் கொடுத்தது எல்லாம் இதுதானே, அரிசியே மூன்று வேளையும் என்பது பிந்தி வந்த பழக்கம் என்று நினைக்கிறேன்.

பேரனைவிட எனக்கு உங்கள் மகளைப் பற்றித்தான் கூடுதல் கவலை. ரத்தத்தில் இரும்பு குறைந்தால் குடல் இரும்பை எங்கே எங்கே என்று தேடும், அந்த இரும்பு நுழைகிற வாசலில் காட்மியமும் உள்ளே போய்விடும். ஒரே சாப்பாட்டைச் சாப்பிட்டாலும் ரத்தசோகை உள்ள பெண்ணின் உடம்பில் காட்மியம் கூடுதலாகச் சேர்வது அதனால்தான். 2019-21 தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பில் இந்தியாவில் 15 முதல் 49 வயசுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. பிள்ளை பெற்று எட்டு மாசம், பாலும் கொடுக்கிறாள், ஹீமோகுளோபின் பார்த்தாளா? பார்க்கச் சொல்லுங்கள். இரும்பு மாத்திரை ஏதும் மிச்சம் கிடந்தால் அலமாரியில் வைத்துக்கொண்டிருக்க வேண்டாம், டாக்டரிடம் கேட்டுவிட்டுச் சாப்பிடட்டும். இந்த முழுப் பதிலிலும் செலவு குறைந்து பலன் கூடுதலான காரியம் இதுதான்.

அடுக்களையில் பெரிதாக மாற்ற ஒன்றும் இல்லை. நம் வீட்டுச் சம்பா அரிசியை எப்போதும் நிறையத் தண்ணீரில் பொங்கி வடித்துத்தானே வழக்கம், வீடியோ ஆறு மடங்கு என்று சொல்வது அதைத்தான். அப்படி வடித்தால் கனிம ஆர்சனிக்கில் பாதியை ஒட்டியாவது கஞ்சியோடு போய்விடும். காட்மியம் அப்படிப் போகாது, மணிக்குள் புரதத்தோடு பிணைந்திருக்கும். தவிட்டு விஷயமும் இப்படித்தான். ஆர்சனிக் தவிட்டில் கூடுதல், தீட்டினால் குறையும், காட்மியம் மணி முழுக்கப் பரவியிருப்பதால் வெள்ளையாகத் தீட்டினாலும் அதிகம் குறையாது, நல்ல சத்து போவதுதான் மிச்சம். ஆகவே சிவப்பரிசியை விட்டுவிட்டு வெள்ளை அரிசிக்குப் போக இதில் காரணம் இல்லை. நெல்லை அவிக்க ஊறப்போடும் தண்ணீரும் சோற்றுக்கு வைக்கும் தண்ணீரும் கால்வாய்த் தண்ணீராக இருக்கக் கூடாது, அது மட்டும் கண்டிப்பு. நெல்லை மெயின் ரோட்டில் காயப்போடுவதையும் விட்டுவிடுங்கள், டயர் தூசியும் ரோட்டோர மண்ணிலுள்ள பழைய ஈயமும் நெல்லோடு வாரி வருவோம், களமோ மொட்டை மாடியோ போதும்.

இனி சோதனை. மண்வள அட்டை உங்களிடம் இருக்கும், அதில் கார அமில நிலை, தழை மணி சாம்பல், துத்தநாகம், இரும்பு என்று பன்னிரண்டு விஷயம் வரும், காட்மியமோ ஈயமோ வராது. அதற்கு என்ஏபிஎல் (சோதனைக்கூடங்களுக்கான தேசிய அங்கீகார வாரியம்) அங்கீகாரம் உள்ள லேபுக்குத்தான் அனுப்ப வேண்டும், மிக நுண்ணிய அளவு உலோகத்தையும் அளக்கிற ஐசிபி-எம்எஸ் கருவி இருக்கிறதா, அரிசியில் கிலோவுக்கு 0.02 மில்லிகிராம் வரை அளந்து சொல்வீர்களா என்று முன்பே கேளுங்கள், ‘கண்டறியப்படவில்லை’ என்று எழுதிக் கொடுக்கிறவர்கள் 0.5க்குக் கீழே அளக்கத் தெரியாதவர்களாகவும் இருப்பார்கள். மண்ணை அறுவடை முடிந்து உரம் போடுவதற்கு முன் எடுங்கள். வரப்போரம், எருக்குவியல் கிடந்த இடம் வேண்டாம். பத்துப் பன்னிரண்டு இடத்தில் அரையடி ஆழத்துக்கு வி வடிவில் வெட்டி, ஓரத்திலிருந்து ஒரு பத்தை சீவி எடுத்து, பிளாஸ்டிக் வாளியில் சேருங்கள். துத்தநாகம் பூசிய தகர வாளியில் எடுத்தால் அந்தப் பூச்சே சோதனையைக் கெடுத்துவிடும். கால்வாய்த் தண்ணீர் வயலுக்குள் நுழைகிற வாய்மடைப் பக்கத்து மண்ணைத் தனியாகவும், அதற்கு எதிர்மூலையில் உள்ளதைத் தனியாகவும் எடுங்கள். சாக்கடை கொண்டுவந்த சரக்கு என்றால் வாய்மடையில் கூடுதலாகவும் போகப் போகக் குறைந்தும் வரும், இரண்டும் ஒரே அளவு என்றால் காரணத்தை வேறு இடத்தில் தேட வேண்டும். நிழலில் உலர்த்திக் கட்டி உடைத்து அரைக் கிலோ அனுப்பினால் போதும். செலவைக் குறைக்க நினைத்தால் மண்ணை விட்டுவிட்டு அரிசியை மட்டும் கொடுங்கள், சாப்பிடுவது அதைத்தானே. காட்மியம், ஈயம், கனிம ஆர்சனிக், மூன்றும் போதும். நாற்பது உலோகத்துக்கும் பேக்கேஜ் போடச் சொல்வார்கள், தேவையில்லை.

அரிசியில் காட்மியம் 0.1க்கும் 0.4க்கும் நடுவே வந்தால் வயலிலேயே சரிசெய்யப் பார்க்கலாம். கார அமில நிலை ஐந்தரைக்குக் கீழே இருந்தால் சுண்ணாம்போ டோலமைட்டோ போட்டு ஆறரையை நோக்கிக் கொண்டுவாருங்கள், எவ்வளவு என்பதை மண் பரிசோதனை நிலையத்தில் சுண்ணாம்புத் தேவை என்று கேட்டால் கணக்கிட்டுத் தருவார்கள். நடவுக்கு இரண்டு மூன்று வாரம் முன்பே போட்டு உழுதுவிடுங்கள், யூரியாவோடு சேர்த்துப் போட்டால் தழைச்சத்து காற்றில் போய்விடும். துத்தநாகம் குறைந்த மண்ணில் பயிர் அதற்குப் பதிலாகக் காட்மியத்தை எடுத்துக்கொள்ளும், ஆகவே ஏக்கருக்குப் பத்து கிலோ ஜிங்க் சல்பேட், அதுவும் பில் கொடுக்கிற கடையில், பேர் தெரியாத நுண்ணூட்டக் கலவை வேண்டாம். கழிவுத் துத்தநாகச் சாம்பலிலிருந்து தயாரித்ததாக இருந்தால் அதிலேயே காட்மியம் வரும். டவுண் குப்பை உரம் இலவசமாகக் கிடைக்கிறது என்றால் சோதனைத் தாள் கேளுங்கள், சட்டப்படி அதில் காட்மியம் கிலோவுக்கு 5 மில்லிகிராமும் ஈயம் 100 மில்லிகிராமும் தாண்டக் கூடாது. கதிர் வருகிற சமயத்துத் தண்ணீர் விஷயத்தை மேலே சொல்லிவிட்டேன். அந்த வாய்மடைப் பக்கம் கீரை மட்டும் போடாதீர்கள், காட்மியம் இழுப்பதில் கீரை நெல்லை விட மோசம்.

0.4ஐத் தாண்டினால் அந்த நெல்லைச் சாப்பிடவும் வேண்டாம், மற்றவர்களுக்கு விற்கவும் வேண்டாம், அப்போது வேறு யோசிப்போம். வாழையோ தென்னையோ வைக்கலாம், பழத்துக்குள் காட்மியம் குறைவாகத்தான் ஏறும். கொழுந்தனாரிடம் சொல்லுங்கள், சோதனைத் தாள் கையில் இல்லாமல் மண் கெட்டுவிட்டது என்று பேசினால் பிளாட்காரன் விலையைத்தான் குறைப்பான்.

தாள் வருகிற வரைக்கும் பாதி உங்கள் அரிசி, பாதி வெளி அரிசி என்று வைத்துக்கொள்ளுங்கள். ரேஷன் அரிசியாகவும் இருக்கலாம், அதில் சில வருஷமாகச் செறிவூட்டிய மணிகளைக் கலந்து கொடுத்துவந்தார்கள், இரும்பும் ஃபோலிக் அமிலமும் பி12ம் சேர்த்தது. பார்ப்பதற்கு மற்றதோடு சேராமல் வெளிறித் தெரிவதால் பிளாஸ்டிக் அரிசி என்று வாட்ஸ்அப்பில் ஓட்டினார்களே, அதே மணிதான். உங்களுக்குக் கிடைக்கிற அரிசியில் இருந்தால் பொறுக்கி எறியாதீர்கள், உங்கள் மகளுக்கு வேண்டியதே அது.

கால்வாயில் சாக்கடை விடுவதற்கு எதிராக மனு கொடுத்தீர்களா என்றும் நீங்கள் எழுதவில்லை. ‘தண்ணீர் நாறுகிறது’ என்று எழுதிய மனு எத்தனையோ கட்டில் கிடக்கும். வாய்மடை மண்ணில் இவ்வளவு, எதிர்மூலையில் இவ்வளவு என்று லேப் தாளின் நகலை இணைத்து, அக்கம்பக்கத்து வயல்காரர்கள் நாலு பேரின் கையெழுத்தோடு மாவட்ட ஆட்சியருக்கும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கும் விவசாயிகள் குறைதீர்க்கும் கூட்டத்தில் கொடுங்கள், ஒப்புகைச் சீட்டு வாங்காமல் வராதீர்கள். லேப் தாள் வந்ததும் எனக்கும் ஒரு நகல் அனுப்புங்கள், மாதிரி எந்தப் பூவில் எடுத்தது என்பதை மேலே பென்சிலால் குறித்துவிடுங்கள்.